ராஜா கையில் ஒட்டிக்கொண்ட பகடை

பாக்குத் தோப்புகள் நிறைந்த பரிமளநாட்டை ரொம்பக் காலத்துக்கு முன்னால் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தாராளமானவன். தினமும் காலையில் அரண்மனை வாசலில் நின்று கேட்டவர்க்கெல்லாம் வாரிக்கொடுப்பான். "என் முன்னால் நீண்ட கை வெறுங்கையாகத் திரும்பியதே இல்லை" என்று பெருமை பேசாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் கோபம் வந்துவிட்டால் முன்பின் பார்க்க மாட்டான். நேற்று பல்லக்கில் ஏற்றியவனை இன்று எல்லைக்கு அப்பால் விரட்டிவிடுவான்.

அவனுக்கு மந்திரி நல்லசிவம். இளவரசி மதுரவல்லியின் பிறந்தநாளுக்கு அவர் ஒரு பகடையும், தாம்பாளம் நிறைய வண்ணச் சில்லுகளும் செய்துகொடுத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ராஜா மகளோடு ஆடித் தோற்றான். சேடிப் பெண்களோடு ஆடித் தோற்றான். கடைசியில் சமையல்காரரிடமும் தோற்றான்.

மந்திரியின் ஆசனத்தின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவன் அரண்மனை அதிகாரி விருத்தகிரி. இதுதான் சமயம் என்று ராஜாவின் காதில் ஓதினான்: "மகாராஜா, எல்லோரும் ஜெயிக்கிறார்கள், தாங்கள் மட்டும் தோற்கிறீர்கள். மந்திரி பகடையில் ஏதோ சூது வைத்திருக்கிறார்."

ராஜா மந்திரியைக் கூப்பிட்டான். "நாளை சபையில் நீர் என்னோடு ஆட வேண்டும். நான் தோற்றால் பகடையில் சூது என்று அர்த்தம். குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடும். எனக்காக வேண்டுமென்றே தோற்றீரோ, அதற்கும் அதே தண்டனைதான்!"

வீட்டுக்கு வந்த மந்திரிக்கு ஒரு கவளம் உள்ளே போகவில்லை.

"என்னங்க, பேசாம நேர்மையா ஆடி ராஜாவை ஜெயிக்க விட முடியாதா?" என்றாள் மனைவி சௌந்தரம்.

"எங்கே ஜெயிக்கிறார்? கையிலே பகடை வந்தா அவர் கீழே வைக்கிறதே இல்லையே!"

"அப்போ சாமான் கட்டட்டுமா?"

"கட்டு," என்றார் அவர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரங்களை எடுக்கப் போனாள்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. "ஆட்டத்தின் விதி என்ன?" என்று விருத்தகிரி அதட்டலாகக் கேட்டான்.

இளவரசி முந்திக்கொண்டாள். "நான் சொல்றேன்! பகடையை உருட்டணும். எத்தனை புள்ளி விழுதோ அத்தனை சில்லு எடுத்து முன்னாடி குவிச்சுக்கணும். ஆசைப்பட்டா மறுபடியும் உருட்டலாம். ஆனா ஒத்தைப் புள்ளி விழுந்துச்சுன்னா, அந்த முறை குவிச்சதெல்லாம் தாம்பாளத்துக்கே திரும்பப் போயிடும், பகடையும் எதிராளிக்குப் போயிடும். அதுக்கு முன்னாடியே பகடையை எதிராளி கையிலே கொடுத்துட்டா, குவிச்சது மடிக்கு வந்துடும். மடிக்கு வந்ததை யாரும் தொடக்கூடாது. தாம்பாளம் காலியானதும் யார்கிட்ட நிறைய இருக்கோ அவங்கதான் ஜெயிச்சாங்க!"

ஆட்டம் தொடங்கியது. மந்திரி இரண்டு தடவை உருட்டுவார், பகடையைக் கொடுத்துவிடுவார். ராஜாவோ உருட்டிக்கொண்டே இருப்பான். குவியல் ஏறும், ஒற்றைப் புள்ளி விழும், எல்லாம் திரும்பப் போகும். ராஜாவின் முகம் சிவக்கச் சிவக்க மந்திரியின் முகம் வெளுத்தது. ஜெயித்தாலும் போச்சு, தோற்றாலும் போச்சு என்று அவர் தவித்தார். விருத்தகிரி மீசையைத் தடவிக்கொண்டான்.

அப்போது ராஜாவுக்கு ஒரு நல்ல நேரம் வந்தது. ஆறு, ஐந்து, மறுபடி ஆறு என்று விழுந்துகொண்டே இருந்தது. மந்திரியின் மடியில் இருந்ததைவிட ராஜாவின் குவியல் வெகுவாகப் பெரிதாகிவிட்டது. தாம்பாளத்தில் மிச்சம் இரண்டே சில்லு. ராஜாவின் பார்வை அந்த இரண்டின் மேல் போனது. பகடையைக் குலுக்கக் கையை உயர்த்தினான்.

மந்திரிக்குச் சட்டென்று தினமும் காலையில் அரண்மனை வாசலில் ராஜா வாரிக்கொடுப்பது நினைவுக்கு வந்தது. எழுந்து, இரண்டு கையையும் ஏந்தி நின்றார். கை வெடவெடவென்று நடுங்கியது.

"அரசே, உங்கள் முன்னால் ஒரு ஏழையின் கை நீண்டிருக்கிறது. அந்தப் பகடையைத் தந்தருள வேண்டும்!"

ராஜா பகடையைப் பார்த்தான், சில்லைப் பார்த்தான், நீண்ட கையைப் பார்த்தான். விரல்கள் பிரிய மனமில்லாமல் மெல்லப் பிரிந்தன. பகடை மந்திரியின் கையில் விழுந்தது.

"அப்பா, எல்லாம் உங்க மடிக்கு!" என்று இளவரசி குதித்தாள். மந்திரி உருட்டினார். நான்கு விழுந்தது. மிச்சமிருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். தாம்பாளம் காலி. ராஜா ஜெயித்துவிட்டான்.

"மோசடி! மந்திரி வேண்டுமென்றே தோற்றார்!" என்று கத்தினான் விருத்தகிரி.

"நான் கேட்டேன், அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் அரசர் இஷ்டம்," என்றார் மந்திரி. "விருத்தகிரி, நீர் ஒன்றைச் சொல்லும். பகடையில் சூது இருந்தால் அரசர் எப்படி ஜெயித்தார்? சூது இல்லையென்றால் என்மேல் எதற்குப் பழி போட்டீர்?"



ராஜா யோசித்தான். "நம் அதிகாரியும் இளவரசியோடு ஒரு ஆட்டம் ஆடட்டும்," என்றான். குழந்தையிடமா தோற்பது என்று விருத்தகிரி பகடையைத் தானாகக் கையைவிட்டு விடவே இல்லை. குவித்தான், இழந்தான், திரும்பக் குவித்தான், திரும்ப இழந்தான். கடைசிவரை அவன் மடிக்கு ஒரு சில்லுகூட வரவில்லை.

"மாமா, நீங்க கொடுத்திருக்கலாமே!" என்றாள் மதுரவல்லி பரிதாபமாக. சபையே கொல்லென்று சிரித்தது. அன்று முதல் இளவரசியும் தோழிகளும் ஆடி முடித்ததும் சில்லுகளைப் பொறுக்கி அடுக்குவது விருத்தகிரியின் வேலையாயிற்று.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "பகடையைக் கேட்டபோது ஏன் ஐயா உம்முடைய கை நடுங்கியது? நீண்ட கைக்கு நான் மறுத்ததே இல்லையே?"

"வாசலில் நீங்கள் கொடுப்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாதது, அரசே," என்றார் மந்திரி. "வேண்டியதைக் கேட்டது இன்றுதான் முதல் தடவை."

"உண்மைதான்," என்றான் ராஜா. பிறகு ஒரு பல்லக்கை அனுப்பி, கட்டிய சாமானைப் பிரிக்கச் சொல்லிச் சௌந்தரத்துக்குச் சேதி சொல்லச் சொன்னான்.