பீரோவுக்குள் எழுதிய சிப்

மின்னணு வேலை கற்றுத்தரும் குரு மெஹருன்னிசாவைவிடச் சீடர் வேதமுத்து ஒரு தலைமுறை மூத்தவர். குருவுக்குத் தாடி வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் விதி இல்லாததால் இருவருக்கும் இதில் சிக்கல் எழவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தின் வாயில் நிற்கும் விளக்கைப் பார்த்துக்கொள்வது வேதமுத்துவின் வேலை. இரண்டு குட்டை மினுக்கு, ஒரு நெட்டை. அந்த ஒழுங்கு ஒரு சிப்பின் நினைவில் இருந்தது. அது பழுதானதும் புதிய சிப்பில் எழுதி மாட்டினார். சில நாளில் விளக்கு உளறியது. அடுத்த சிப்பும் மறந்துபோனது. கையில் மீதி ஒன்று. ஒழுங்கு தப்பினால் படகுகள் துறைமுக வாயை விட்டுப் பாறைக்குப் போகும். அவர் மகனின் படகு நாளை விடியுமுன் திரும்புகிறது.

குருவை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"டீச்சர், எழுதப் பன்னிரண்டரை வோல்ட் வேணும். அளந்தேன், இருக்கு. எழுதி முடிச்சதும் மெஷினும் சரின்னுது. பிறகு ஏன் மறக்குது?"

"மெஷின் எங்கே?"

இரும்பு பீரோவைத் திறந்தார். பட்டுப் புடவைகளுக்கு நடுவே சிப் எழுதும் மெஷின் இருந்தது. சுவரில் மாட்டிய பவர் சப்ளை பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று, பல இடங்களில் முறுக்கி ஒட்டுப்போட்டு, அதுவரை நீண்டிருந்தது.

"இது என்ன அண்ணாச்சி, சீதனமா?"

"சிப்பு தலையில கண்ணாடி ஜன்னல் இருக்கே. வெளிச்சம் பட்டா எழுத்து அழியும்னு நீங்கதானே சொன்னீங்க."

"வாரக்கணக்கா வெயில்ல காயப்போட்டா அழியும்னு சொன்னேன். சரி, அளங்க."

மெஷினில் சிப் மாட்டும் காலி சாக்கெட்டில் மீட்டரை வைத்தார். முள் பன்னிரண்டரையில் நின்றது.

"பார்த்தீங்களா?"

"ஆளில்லாத நாற்காலியை அளந்திருக்கீங்க. சிப்பை மாட்டி, எழுதும்போது அளங்க."

"கை வழுக்கினா சிப்பு போயிடுமே."

"போன சிப்பையே மாட்டுங்க."

மாட்டினார். எழுதத் தொடங்கியதும் முள் சரிந்து, பத்தில் நின்று நடுங்கியது. முடிவில் மெஷின் 'சரி' என்றது.

வேதமுத்து மீட்டரையும் மெஷினையும் மாறிமாறிப் பார்த்தார்.

எழுதியதை மெஷின் படித்துச் சரிபார்க்கும்போது சிப்புக்குப் போகும் ஐந்து வோல்ட்டை மெஹருன்னிசா ஆறாக்கி, மறுபடி படிக்கவைத்தார். 'தவறு' என்றது.

பிறகு அந்தச் சிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஜன்னலுக்குள் நகக்கண் அளவு வெள்ளித் துண்டு மின்னியது.

"இதுக்குள்ள ஆயிரமாயிரம் அறை. ஒவ்வொண்ணுலயும் கண்ணாடி மாதிரி ஒரு சுவர். மின்துகள் அதைத் தாண்டிக் குதிக்கணும். உங்க ஒட்டுப்போட்ட ஒயர் ரெண்டரை வோல்ட்டைத் தின்னுடுச்சு. மிச்சப் பத்து வோல்ட்டுல கொஞ்சம்தான் தாண்டுச்சு. மெதுவாக் கேட்டா சரிங்கும். அழுத்திக் கேட்டா முழிக்கும்."

வேதமுத்து ஒயரைப் பிரித்தார். ஒட்டுகளில் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மெஷினை ஜன்னலோர மேசைக்குக் கொண்டுவந்து, குட்டையான தடித்த ஒயர் போட்டார். கடைசிச் சிப்பை மாட்டி, எழுதும்போதே அளந்தார்.

முள் பன்னிரண்டரையை விட்டு அசையவில்லை. ஆறு வோல்ட்டில் கேட்டார்கள். 'சரி' என்றது.

சிப்பின் ஜன்னல்மேல் கறுப்புத் தாளை ஒட்டுமுன் வேதமுத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"கரண்டை எடுத்துட்டோம். தாண்டிப் போனதெல்லாம் இன்னும் அந்தப் பக்கமே இருக்கா?"

"நாம போன பிறகும் இருக்கும்."

"அங்க யார் பிடிச்சு வச்சிருக்கா, டீச்சர்?"

"யாருமில்ல, அண்ணாச்சி. தாண்டும்போது மட்டும்தான் ஆள் வேணும்."