மருந்துக்கு வராதவர்கள்

கடுக்காயைக் கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையைப் பொறுக்கி எறிந்துகொண்டே பவளாயி கேட்டாள்.

“இந்தத் தடவையாவது என் மருந்து ஏறுமா, ஆசானம்மா?”

ஆசான் தெய்வானை வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. முந்தானையால் பொத்திக்கொண்டு இருமி முடித்தார். மாமரத்தில் அவருடைய கைக்குழந்தைக்குக் கட்டியிருந்த தூளி ஒருமுறை அசைந்து அடங்கியது.

“கொட்டையைச் சேத்து இடிச்சிராதீங்க அக்கா,” என்றார்.

ஆசான் வயதில் இளையவர். சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை அவரை அம்மா என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து சிரிக்க இவர்கள் இரண்டு பேருக்கும் தெம்பு இருந்ததில்லை.

மலையடிவாரத்து வைத்திய சபை அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது மருந்து செய்தவர் தை மாதக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். அதைக் குடித்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, அவர்களுக்கு என்ன ஆனது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சபை தலையாட்டினால், அவருடைய ஆசான் எல்லார் முன்னாலும் முதல் குவளையைக் குடிப்பார். பிறகுதான் ஜாடி அலமாரியில் ஏறும். அலமாரியில் ஏறின மருந்து சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போகும்.

ஜாடி ஏறினவர்களுக்குத் தனி அறை. ஏறாதவர்களுக்குக் கூடத்தில் ஒரு பாய். கூடத்தில் பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

பவளாயிக்கு ஒரு பெண்பிள்ளை. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள்.

போன தடவை பார்க்கப் போனபோது பிள்ளை அண்ணியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

“யாரு வந்திருக்கா, சொல்லு பாப்போம்,” என்று அண்ணி முன்னே தள்ளினாள்.

“விருந்தாளி,” என்றது பிள்ளை.

பவளாயி அடுத்த கடுக்காயை எடுத்தாள். விரலெல்லாம் கறுத்திருந்தது.

“இருமல் மருந்தை யாருக்கெல்லாம் குடுத்தீங்க?” ஆசான் கேட்டார்.

“ஆத்துக்கு அக்கரையில, கீழ்ப்பட்டியில குடுத்தேன். சந்தைக்குச் சந்தை வந்து அடுத்த கலயம் வாங்கிட்டுப் போனாங்க. வந்தவங்க எல்லாருக்கும் தணிஞ்சிருச்சு. ராத்திரி அசந்து தூங்குறாங்களாம்.”

“வராதவங்க?”

“அவங்களும் சரியானவங்கதாம்மா. இருமல் நின்னபிறகு எவன் ஆத்தைத் தாண்டி வந்து கசப்பைக் குடிப்பான்?”

“சரி,” என்றார் ஆசான்.

அந்தச் சரி பவளாயிக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வெயில் தாழக் கூட்டம். பவளாயி இடிகொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பேர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சோற்றுக்கு மணி அடித்தது. இன்னும் ஒருதரம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருந்தாள்.

போனபோது சமையல்கார வெள்ளையம்மா பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சோறு?”

“நீ வேண்டாம்னியாமே. ஆசானம்மா சொன்னாங்க.”

பவளாயி நேரே ஆசானிடம் போனாள்.

“சோறு வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்?”

“நீங்க வரலையே அக்கா.”

“வரலைன்னா?”

“வயிறு நெறஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பவளாயிக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும் போல. வந்த கோபம் நிற்கவில்லை. அவள்தான் நின்றுகொண்டிருந்தாள், வெகுநேரம்.

பிறகு செருப்பைத் தேடினாள்.

“உங்களுக்கு மூடி வச்சிருக்கு,” என்றார் ஆசான். “சாப்பிட்டுப் போங்க.”

“மருந்துக்கு வராதவங்களைக் கேட்டுட்டு வந்து சாப்பிடுறேன்.”

ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அக்கரையில் முதலில் அகப்பட்டவர் குப்பண்ணன். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே மருந்துக்கு வரலை?”

“இருமல் போயிருச்சு. அதோட நீயும் போயிட்டேன்னுல்ல நிம்மதியா இருந்தேன். மறுபடி கசப்பைத் தூக்கிட்டு வந்துட்டியா?”

“இல்லண்ணே. சும்மா கேக்கத்தான்.”

“கேக்கிறதுக்கா ஆத்தைத் தாண்டினே? உங்க சபையில வேற வேலை இல்லையா?”

பவளாயிக்கு நெஞ்சு லேசானது. பார்த்தியா, நான் சொன்னதுதான், என்று மனசுக்குள் ஆசானிடம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“போறப்ப அவருக்கு இருமல் எப்படி இருந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? அவன் இங்க இருந்தவரை எனக்குத் தூக்கம் இல்லை. போனான், நான் தூங்குறேன்.”

இதை எதில் சேர்ப்பது என்று பவளாயிக்குத் தெரியவில்லை.

ஊர்க்கோடியில் பெருமாயி வீடு. அவள் கைக்குழந்தைக்காரி. கொடியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வாங்கக்கா. மோர் குடிக்கிறீங்களா?”

“மருந்துக்கு நீ வரவே இல்லையே.”

பெருமாயி கீழே பார்த்தாள்.

“நல்ல மருந்துதான்க்கா. அன்னிக்கு ராத்திரி எனக்கு இருமலே இல்லை. ஆனா பிள்ளை எங்கிட்டப் பால் குடிச்சிட்டுத் துவண்டுபோச்சு. காலைக் கிள்ளிப் பாத்தேன், அழலை. விடிஞ்சும் கண்ணு முழிக்கலை. உயிரே போயிருச்சு எனக்கு. மறுநாள் மருந்தைக் கீழ ஊத்திட்டேன். அப்புறம் மெல்ல மெல்லத் தெளிஞ்சிருச்சு.”

“ஏன் வந்து சொல்லலை?”

“நீங்க எம்புட்டுத் தூரம் நடந்து வந்து குடுத்தீங்க. உங்க மூஞ்சியைப் பாத்து எப்படிக்கா சொல்றது?”

உள்ளே பிள்ளை ஏதோ சத்தம் போட்டுத் தானாகவே சிரித்தது.

“மருந்தாலதானா பெருமாயி?”

“யாருக்குத் தெரியும்? அன்னிக்கு வெயிலும் ஜாஸ்தி. கண்ணுபட்டிருச்சுன்னு எங்க அத்தை சொல்லுது.”

வெயில். கண். இந்த இரண்டையும் மடியில் முடிந்துகொண்டு பவளாயி ஆற்றைத் தாண்டினாள். ஒரு வீடு. ஊருக்குள் ஒரே ஒரு வீடு. அதுவும் யாருக்குத் தெரியும் என்கிறாள். கரை ஏறி வந்தபோது சபையில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பிட நேரம் இல்லை.

“சொல்லும்மா,” என்றார் சபைத் தலைவர் சடையப்பர்.

பவளாயி எழுந்து நின்று சொன்னாள். ஒவ்வொரு பேருக்கும் தலைகள் ஆடின. குப்பண்ணன் பேரைச் சொல்லும்போது குரல் தெளிவாக வந்தது. ஆசான் குவளையில் மருந்தை ஊற்றி, கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எல்லாரும் ஆச்சா?” சடையப்பர் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற வழக்கமான கேள்விதான்.

ஆச்சு என்று சொல்லத்தான் பவளாயி வாயைத் திறந்தாள். காய்ந்த வயிறு கூவியது. பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

“ஆகலை,” என்றாள்.

பூட்டின வீட்டைச் சொன்னாள். அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது என்றாள். பிறகு பெருமாயியைச் சொன்னாள். வெயிலையும் கண்ணையும்கூட விடாமல் சொன்னாள்.

“ஒரு வீடுதானே, ஏம்மா இதைப்போய் இழுக்கிறே?” என்றார் தைலம் காய்ச்சுகிற நல்லமுத்து. “நான் என் தைலத்தைச் சொன்ன அன்னிக்கு வராதவன் பேரையெல்லாம் வாயிலேயே எடுக்கலை.”

சபை சிரித்தது. நல்லமுத்துவும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ஒருவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர். ஜாடிகள் வரிசையாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

சடையப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெரியாததை ஏத்த முடியாதும்மா. தெரிஞ்சுகிட்டு அடுத்த தைக்கு வா.”

எல்லாரும் எழுந்து போனார்கள். வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் பேச்சும் வெற்றிலையுமாக இருக்கும். அன்றைக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் போனார்கள்.

பவளாயி மாமரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். ஆசானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குவளை இன்னும் கையிலேயே இருந்தது.

“அடுத்த தைக்குள்ள பிள்ளை என்னைச் சுத்தமா மறந்துரும்,” என்றாள் பவளாயி.

ஆசான் இருமினார். அந்தத் தடவை நிற்க நேரமானது.

“நான் அந்த ஒண்ணை மட்டும் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் ஆசானம்மா? இன்னிக்கே எனக்கு அறை கிடைச்சிருக்கும். நாளைக்குப் பிள்ளையைக் கூட்டியாந்திருப்பேன். உங்களுக்கும் இருமல் நின்னிருக்கும்.”

“நின்னிருக்கும்.”

“அப்போ?”

“நீங்க செஞ்ச மருந்துன்னு ஒரு சொட்டு விடாமக் குடிச்சிருப்பேன் அக்கா. குடிச்சிட்டு இங்க வந்து, இவளைத் தூக்கி…”

தூளியில் பிள்ளை வீரிட்டது.

ஆசான் குவளையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். பிள்ளையை எடுத்து மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு, மரத்துப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

அழுகை நின்றது.