கண்ணை மூடிக் கேட்ட சவுண்ட் கார்டு

குடியிருப்போர் சங்கத் தலைவர் பட்டாபிராமன் காதுக்குப் பேர்போனவர். அந்தப் பேரைக் கொடுத்ததும் அவரேதான்.

பொதுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் கேம் ஆடுவார்கள், பெரியவர்கள் பாட்டுக் கேட்பார்கள், ஞாயிறானால் எல்லோருக்கும் சினிமா. அதில் சத்தம் நின்றுபோனதும், விலை உயர்ந்த சவுண்ட் கார்டு ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு வசூல் என்றார் தலைவர்.

வாடகைக்கு இருக்கும் ஜெசிந்தா விடவில்லை. தன் மலிவான கார்டைக் காட்டி, "மூணுக்கும் இதுவே போதும் சார்" என்றாள்.

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இங்கே பேச்சே கிடையாதும்மா."

"பேச்சு வேண்டாம் சார். உங்க காது போதும். கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால்தான் ரசிகன் என்பது அவர் கட்சி. ஜெசிந்தா தன் கார்டைச் செருகி, கேமில் ஒரு சண்டை, ஒரு பாட்டு, சினிமாவில் ஒரு மழை என்று ஓடவிட்டாள்.

"தகர டப்பா!" என்று முகம் சுளித்தார்.

"சரி சார், இப்ப கேளுங்க." கழற்றும் சத்தம், செருகும் சத்தம். மறுபடி அதே மூன்றும் ஓடின.

"ஆஹா! சண்டையிலே காலடி கேக்குது, பாட்டிலே மூச்சு கேக்குது, மழையிலே நான் நனைஞ்சே போயிட்டேன்! இதுதான் நமக்கு!"

"ஏங்க," என்றாள் அவர் மனைவி சரோஜினி. "நீங்க வாங்கின பெட்டி இன்னும் பிரிக்காம என் மடியிலதானே இருக்கு?"

பட்டாபிராமன் கண்ணைத் திறந்தார். கூடமே சிரித்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குத்தான் பேச்சு கிடையாதே சார். நீங்க சொன்னதையே தீர்மானமாப் போட்டுடலாமா?"