ம் கொட்டியவர்

"மேடம், 'ம்'மை வெட்டினேன். கதை நின்னுபோச்சு."

மூன்று மாடி ஏறி வந்த வேகத்தில் தளவாய் இதை மூச்சு வாங்கச் சொன்னான்.

ஞானசௌந்தரி ஒலிக்காப்பகத்தின் பொறுப்பாளர். அவனைவிட ஏழு வயது இளையவர். நாட்டார் கதைகளைப் பதிவு செய்ய அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வயதில் மூத்த சீடன் என்பது பெரிய அவஸ்தை. புத்தி சொன்னால் முகம் சுருங்கும், சொல்லாவிட்டால் இப்படி வந்து நிற்பான்.

"எந்தக் கதை?"

"உப்பளக் காவல்காரர் ஆவுடையப்பன் சொன்னது. நாப்பது நிமிஷம். யாருமே இதுவரை பதிவு பண்ணாத கதை. வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகைக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். சொல்றவர் குரல் மட்டும்தான் இருக்கணுமாம்."

பத்தொன்பது வருஷமாக அவன் கௌரவ விரிவுரையாளர். கௌரவத்துக்குக் குறைவில்லை, வேலைதான் நிரந்தரமில்லை. அடுத்த மாதம் நாற்பத்தெட்டு வயது முடிந்தால் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பயந்துபோயிருந்தான்.

"நீங்க கொட்டின 'ம்'மை வெட்டியிருக்கீங்க. அதுக்கென்ன?"

"நான் கொட்டல மேடம்."

ஞானசௌந்தரி நிமிர்ந்து பார்த்தார்.

"பதிவு ஓடும்போது மூச்சுகூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? 'ம் கொட்டுவியளா'ன்னு அவர் கேட்டார். நான் வாயில விரலை வச்சுக் காட்டினேன்."

"அப்புறம்?"

"எனக்குப் பின்னால பார்த்துத் தலையாட்டினார். ஆரம்பிச்சுட்டார்."

"அவரோட காவல் கொட்டகையில வேற யாரு இருந்தா?"

"யாருமில்ல. நல்ல மத்தியான வெயில். நானும் அவரும்தான்."

"எத்தனை 'ம்' வெட்டினீங்க?"

"எண்ணல. முதல் ரெண்டைக் காதால கேட்டேன். மிச்சத்தைத் திரையில ஏறி இறங்குற ஒலிக்கோட்டைப் பார்த்தே வெட்டிட்டேன்."

ஞானசௌந்தரி அவன் கொண்டுவந்த மடிக்கணினியில் பதிவை ஓடவிட்டார். உப்பளக் காற்று இரைந்தது. கிழவரின் குரல் வந்தது.

"நாங்க உப்பு வாருத காலத்துல, ஒருத்தி இருந்தா."

அதற்குமேல் பேச்சில்லை. காற்று மட்டும் அடித்தது. யாரோ காத்திருக்கும் மூச்சு கேட்டது.

பிறகு கிழவர் கேட்டார். "கேக்கியளா?"

மறுபடியும் காற்று.

"கேக்கியளா?"

ஞானசௌந்தரி பதிவைக் கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாற்பது நிமிஷமும் அதேதான். கடைசியில் கிழவரின் குரல் அழுகிற மாதிரி ஆகியிருந்தது.

"இப்படி அவர் கேட்டாரா?"

"இல்ல மேடம். நிக்காமத்தான் சொன்னார்."

"மூலப் பதிவு எங்க?"

"அதுமேலயே சேமிச்சுட்டேன்."

"காப்பி எடுக்காம கை வைக்காதீங்கன்னும் சொல்லியிருந்தேன். அது மட்டும் மறந்துபோச்சாக்கும்."

தளவாய் தரையைப் பார்த்தான்.

"போய் மறுபடி கேட்டுட்டு வாங்க."

"போன மாசம் தவறிட்டார்."

"சரி. கதை என்ன? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடறேன்."

அவன் வாயைத் திறந்தான். ஒருத்தி இருந்தாள். அப்புறம்? கிழவருக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான். ஆனால் பதிவுக் கருவியில் ஏறி இறங்கிய பச்சை விளக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. வேறொன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"தெரியல மேடம். நான் கேக்கவே இல்ல."

ஞானசௌந்தரி எழுத எடுத்த பேனாவை மூடிவைத்தார்.

"அப்ப அந்தக் கதை தெரிஞ்ச ஆளு இனிமே யாருமே இல்ல" என்றான். கண் கலங்கிவிட்டது. உதவித்தொகை போனதற்கா, கதை போனதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஒருத்தர் இருக்காங்க. அன்னைக்கு 'ம்' கொட்டினவங்க" என்றார் ஞானசௌந்தரி.

எழுந்து போய்ச் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துவந்தார். தளவாயின் முதுகுக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருங்க" என்றார்.

தளவாய் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான்.

"மேடம்..."

"மணி நாலே முக்கால். இந்தப் பதிவை அனுப்புறதுன்னா தாராளமா அனுப்புங்க. விதிப்படி சரியாத்தான் இருக்கு. சொல்றவர் குரல் மட்டும்தான் கேக்குது."

மேசையில் இருந்த பதிவுக் கருவியைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

மடிக்கணினியில் விண்ணப்பம் திறந்தே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். தளவாய் விரலை வைத்தான்.

பின்னால் நாற்காலி முனகியது. உப்பு வாடை அடித்தது. ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.

அவனுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. மடிக்கணினியை மூடினான்.

"ம்" என்றான்.