தண்ணி விட்ட உப்புச் சுவரு

ஏல ஐசக்கு, அந்தப் போன கீழ வையி. சேர்மத்துரை, வடைய முழுங்கிட்டுப் பேசு. ரெண்டு பேரும் பட்டம் வாங்கினவனுவ. நான் மூணாவது செமஸ்டர்லயே காலேஜுக்குக் கும்பிடு போட்டவன். ஒரு கத சொல்லுதேன். கடைசில கேள்வி உண்டு. பதில் தெரியலன்னா நாளைக்கு என் பைக்க நீங்கதான் கழுவணும். தெரிஞ்சாலும் நீங்கதான்.

நம்ம சண்முகக்கனி அண்ணாச்சியத் தெரியும்லா? ஹார்பர்ல இருபத்தாறு வருசம் சிமெண்டு மூட்ட தூக்கினவரு. அந்தத் தூசி நெஞ்சுல போயி உக்காந்துட்டு. ஒரு வார்த்த பேச மூணு தடவ மூச்சு வாங்கணும். அதனால பாதிப் பேச்சத் தலையாட்டியே முடிச்சிருவாரு. போன கார்த்திகையில யாரோ வீடியோ காமிச்சிருக்காவ, உப்புக்கல்லால ரூம் கட்டி உள்ள படுத்தா மூச்சு லேசாகும்னு. டாக்டர்ட்ட கேட்டதுக்கு, "குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன், படுத்துப் பாக்கணும்னா பாருங்க"ன்னுட்டாரு. அண்ணாச்சிக்கு அது போதும். ரெண்டு வருசமா சேர்ல உக்காந்துக்கிட்டே தூங்குத மனுசன். "ஒரு நா... மல்லாக்க... படுத்துத் தூங்கணும்டே"ன்னாரு.

மாடி எழுப்ப வச்சிருந்த மூணு லட்சமும் அதுலயே போச்சு. சுத்தி உப்பளம் கெடக்குத தூத்துக்குடியில, வடக்க இருந்து லாரியில செவப்பு உப்புக்கல்லு வந்து எறங்குது. அளத்து வேலைக்குப் போற பொம்பளைங்க நின்னு பாத்து சிரிச்சிட்டுப் போனாவ.

வேல பாத்தது மாசானமுத்து கொத்தனாரு. எட்டுக்கு ஆறு ரூமு. மனுசன் கலவையத் தொடவே இல்ல. ஒவ்வொரு கல்லையும் காஞ்சபடியே பிளேடு வச்சு அறுத்து, துணியால தொடச்சி, பசை வச்சு ஒட்டினாரு. கல்லுக்குப் பின்னால லைட்டுக்கு ரெண்டு வெரக்கட எடம். அந்த வயரிங் நான்தான். பல்பப் போட்டுப் பாத்தா சுவரு முழுக்க வெந்த நண்டு நெறம். "வேத்த கையோட தொடாதல"ன்னு என்னய வெளிய பத்துவாரு.

சுவரு நெஞ்சு ஒசரம் வந்தாச்சு. அவரு தங்கச்சி மக சடங்குக்கு ஏரல் போகணும், மூணு நாளு. போறப்ப அண்ணாச்சிட்ட சொன்னாரு: "சொட்டுத் தண்ணி ஆகாது, பாத்துக்கிடுங்க. வீட்லயும் சொல்லிருங்க." அண்ணாச்சி தலைய ஆட்டினாரு. வீட்லன்னா பேச்சித்தாய் அக்கா. அவிய அப்ப ரேஷன் கடை வரிசையில நிக்காவ.

அக்கா பதினெட்டு வருசம் சித்தாள் வேல பாத்தவிய. புதுச் சுவரு எழும்பினா காலையும் சாயந்திரமும் தண்ணி விடணும், இல்லேன்னா வெடிச்சிரும். அவியளுக்கு அது பல்லு வெளக்குத மாதிரி. ஆனா ஒண்ணு, எந்தத் தளத்துலயும் கேக்காம ஒரு செம்பு ஊத்தினவிய கெடையாது.

மூணு நாளும் ரெண்டு வேள, டியூபு போட்டு, கீழ் வரிசையில இருந்து மேல வரைக்கும் பதமா விட்டாவ. புருசன் படுக்கப் போற ரூமுல்லா. வாசப்பக்கம் சேர்ல இருந்த அண்ணாச்சிக்குத் தண்ணி சத்தம் கேட்டுது. பாத்திரம் கழுவுதாளாக்கும்னு நெனச்சாரு.

என்னல ஐசக்கு? உப்புல தண்ணி ஊத்தினா கரையும்னு கூடவா தெரியாதுன்னு கேக்கியா? அளத்து உப்பு கரையும், இது மலையில வெட்டின கல்லுல்லான்னு நெனச்சிருக்காவ. சுத்தியலால தட்டினா பாறை மாதிரிதான சத்தம் வந்துது.

நாலாம் நா காலையில கொத்தனாரு வந்து கதவத் தொறந்தா, கீழ்வரிசை தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி கெடக்கு. மேல இருந்தது மொத்தமும் சரிஞ்சிட்டு.

"யாரு தண்ணி விட்டது?"

"நான்தான் கொத்தனாரே."

"அண்ணாச்சிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான போனேன்!"

அக்கா திரும்பிப் பாத்தாவ. அண்ணாச்சி கதவு நெலையப் புடிச்சிக்கிட்டு, "சொல்லணும்னுதான்... மூச்சு வாங்குச்சு... பொறவு மறந்துட்டு"ன்னாரு.

யாரும் யாரையும் ஏசல. அக்கா தொடப்பம் எடுத்துட்டு வந்து தண்ணிய வாசலுக்குத் தள்ளினாவ. கொத்தனாரு சட்டைய மாட்டினாரு. நான் வயரச் சுருட்டினேன். மறுபடி கல்லு வாங்க வழியில்ல. சித்திரையில அண்ணாச்சி அதே சேர்ல உக்காந்தபடியே போய்ச் சேந்துட்டாரு.

இப்பச் சொல்லுங்கல. அக்காட்ட நேருல சொல்லாமப் போன கொத்தனாரா, கேட்டத உள்ளயே வச்சிக்கிட்ட அண்ணாச்சியா, தண்ணி விட்ட அக்காவா? அந்தச் சுவர விழ வச்சது யாரு?

என்ன, மூணு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சிட்டியளோ? தப்பு. அக்கா கேக்காம ஊத்துற ஆளு இல்ல. கேட்டாவ. கொத்தனாரு ஏரல் பஸ் ஏறின அன்னைக்கு நான் உள்ள வயர் இழுத்துட்டு இருக்கேன். "தம்பி, இதுக்குத் தண்ணி விடணுமா?"ன்னாவ. "விடாமயா? குளிப்பாட்டிப் பவுடரும் போட்டு விடுங்கக்கா"ன்னேன். அவிய பவுடருக்குச் சிரிச்சாவ. தண்ணிய நம்பிட்டாவ. நான் அப்பமே வேற வீட்டு வேலைக்குக் கெளம்பிட்டேன், மூணு நாளும் அந்தப் பக்கம் வரல. அக்கா இத யாருட்டயும் சொல்லல, செத்த வீட்ல கூட. நானும் வாயத் தொறக்கல. விழ வச்சது நான்தாம்ல.