முள்ளியின் பெயரில் ஒன்பது கிழங்கு

ஆற்றோரக் காடு ஒன்றில் முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளுடன் வாழ்ந்துவந்தது. நேர்மையானது. யாரிடம் எதை வாங்கினாலும் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்துவிடும்.

அந்தக் காட்டில் ஒரு கிழங்குக் குகை இருந்தது. கோடையில் விலங்குகள் அங்கே கிழங்கு கடன் வாங்கும். மழை பெய்ததும் திருப்பித் தரும். குகைக்குக் கரடி காவல். யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று மரப்பட்டையில் எழுதிவைப்பது நாரை.

ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்ததும், "அவரவர் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று வந்து பாருங்கள்!" என்று நாரை கூவும்.

"நான்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேனே, பார்க்க என்ன இருக்கிறது?" என்று முள்ளி போகாமலே இருந்துவிடும்.

ஓர் ஆண்டு கோடை கொளுத்தியது. தரை பாறையாக இறுகிவிட்டது. குட்டிகள் பசியில் அழுதன. முள்ளி குகைக்கு ஓடியது.

கரடி பட்டையைப் பார்த்தது. "முள்ளி, ஒன்பது கிழங்கு பாக்கி. உனக்குக் கிடையாது, போ!"

"ஒன்பதா? என் வாழ்நாளில் நான்கு கிழங்குக்கு மேல் வாங்கியதில்லை. அதையும் கொடுத்துவிட்டேன்!"

"பட்டையில் இருப்பதுதான் எனக்குத் தெரியும். அடுத்து யார்?"

முள்ளியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. நேரே நாரையிடம் போயிற்று.

"யார் கடனை என் தலையில் எழுதினாய்?"

நாரை அசையவில்லை. "நானூறு பெயர் எழுதுகிறேன். தவறு என்றால் சாட்சி கொண்டுவா."

"தவறு செய்தது நீ! அலைய வேண்டியது நானா?"

நாரை பட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டது.

முள்ளி காடெல்லாம் விசாரித்தது. ஆற்றின் தென்கரையில் இன்னொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் பெயரும் முள்ளி.

"ஒன்பது கிழங்கா? நான்தான் வாங்கினேன். யாருமே கேட்கவில்லையே!" என்றது அது.

அதை அழைத்துக்கொண்டு முள்ளி திரும்பிவர ஐந்து நாள் ஆயிற்று. நாரை அலகால் ஒரு கீறல் போட்டது. "சரி, அழித்துவிட்டேன்."

கரடி குகைக்குள் போய் இரண்டே இரண்டு சுருங்கிய கிழங்குகளுடன் வந்தது. "மீதியெல்லாம் தீர்ந்துவிட்டது."

முள்ளி கிழங்குகளை வாங்கிக்கொண்டது. ஆனால் அதன் கோபம் தணியவில்லை. அங்கே வரிசையில் நின்ற விலங்குகளைப் பார்த்துக் கத்தியது:

"என்ன நிற்கிறீர்கள்? போய் உங்கள் பெயரைப் படியுங்கள்!"

எல்லாம் பட்டையைச் சூழ்ந்துகொண்டன. எப்போதோ அடைத்த கடன் மானின் பெயரில் அப்படியே இருந்தது. கிழங்கே தின்னாத மரங்கொத்தியின் பெயரில் ஆறு கிழங்கு இருந்தது. கூச்சல் கிளம்பியது. நாரை தலையைக் குனிந்துகொண்டது.

"இதை அழிக்க உனக்கு ஒரு கீறல் போதும்," என்றது முள்ளி. "என் குட்டிகள் ஐந்து நாள் பட்டினி கிடந்தன. அதை எந்த அலகால் அழிப்பாய்?"

நீதி: உன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று தேவை வருமுன்பே நீயே படித்துப் பார், பிழை இருந்தால் அன்றே திருத்தச் சொல்.