இமைக்காத கண்ணின் படம்

"டாக்டரம்மா, இந்தப் பரமேஸ்வரிம்மா கண்ணு போச்சு. படத்தைப் பாருங்க."

சொன்னவர் வில்வநாதன். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது கண் ஆஸ்பத்திரியில் மெஷின் வேலை கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொடுக்கிற டாக்டர் நஸ்ரின் அவரைவிட வயதில் இளையவர்.

கருவிழியின் மேடு பள்ளத்தை அந்த மெஷின் வண்ணப் படமாகப் போட்டுத் தரும். பச்சை என்றால் கவலையில்லை. பரமேஸ்வரியின் படத்தில் கீழ்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு.

"கருவிழி கூம்பு மாதிரி புடைச்சிடுச்சு. பாவம், ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க. இனிமே ஓட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள சொல்லியாச்சா?" என்றார் நஸ்ரின். "சரி, நீங்க உட்காருங்கண்ணே."

"நானா?"

"மோவாயை இதுல வைங்க. அவங்ககிட்ட என்ன சொல்லி எடுத்தீங்க?"

"ஆடாதீங்க, இமைக்காதீங்கன்னு."

ஸ்டூடியோ பழக்கம், லேசில் விடுமா?

"அப்ப நீங்களும் இமைக்காதீங்க."

வில்வநாதன் எதிரே தெரிந்த ஒளி வளையங்களையே முறைத்தார். கண் எரிந்தது. டாக்டர் பொத்தானை அழுத்துவதாக இல்லை.

ஒருவழியாகப் படம் வந்தது. சிவப்பு.

மோவாயை எடுத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, எனக்குமா? இந்தக் கண்ணை நம்பித்தானே டாக்டரம்மா பிழைக்கிறேன்!"

"இப்ப நல்லா இமைங்க."

இமைத்தார். மறுபடியும் எடுத்தார் டாக்டர். பச்சை.

வில்வநாதன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே ஓடினார்.

பரமேஸ்வரி பெஞ்சில் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கம்மா, இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

"நான் அழக்கூட இல்லண்ணே. கண்ணு ஈரமானா படம் கெட்டுடுமோன்னு அடக்கிட்டிருக்கேன்."

"இமைங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நல்லா இமைங்க!"

இந்த முறை பச்சை.

"கண்ணு காய்ஞ்சிருக்கு. இமைக்காம இருந்ததுல படம் சிவப்பா வந்துடுச்சு, அவ்வளவுதான். சொட்டு மருந்து தரேன்," என்றார் நஸ்ரின். "தாராளமா வேன் ஓட்டுங்க."

அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது பரமேஸ்வரிக்கு. வில்வநாதனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ணே."

அவள் போனபிறகும் அவர் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல டாக்டரம்மா. ஒரு குடும்பத்தையே தெருவுல நிறுத்தியிருப்பேன். அந்தச் சிவப்புப் படத்தைக் கிழிச்சுப் போட்டுடவா?"

"அவங்களோடதைக் கிழிங்க," என்றார் நஸ்ரின். "உங்களோடதை மெஷின் மேல ஒட்டி வைங்க."